குளிக்காத வரிசை

கொஞ்சம் இந்தப் பக்கம் நகந்து நில்லுங்க மேடம். உங்க நிழல் அந்தக் கண்ணாடிக் குமிழ் மேல விழுது. பரவாயில்ல, பரவாயில்ல, உங்களுக்கு எப்படித் தெரியும். அதான் வெயிலை அளக்கிறது. அதுமேல ஒரு நிழல் விழுந்தாப் போதும், என்னமோ மேகம் கூடிடுச்சுன்னு அது பாட்டுக்கு எழுதி ஆபீசுக்கு அனுப்பிடும். ஒரு தடவை ஒரு காக்கா வந்து அதுமேல உக்காந்து அரைமணி நேரம் யோசனை பண்ணிட்டிருந்துச்சு. ஆபீஸ்லேருந்து போன். என்னய்யா, அங்க மட்டும் கிரகணமான்னு.

அந்த ஃப்ரேமையும் தொடாதீங்க, சுட்டுடும். சோலார் பேனலுக்குப் பின்பக்கம் இப்ப அறுபது டிகிரிக்கு மேல இருக்கும். இந்த ஸ்டிக்கரைப் பாருங்க, முந்நூத்து முப்பது வாட்டுனு போட்டிருக்கான்ல? அது ஃபேக்டரியில, ஏசி ரூம்ல, ஒரு பெரிய விளக்கைப் பளிச்சுனு அடிச்சுப் பாத்து ஒட்டினது. வரன் பாக்கக் குடுக்கிற போட்டோ மாதிரி. வெளிய கொண்டாந்து வெயில்ல நிறுத்தினாத்தானே நிஜ மூஞ்சி தெரியும். சூடு ஏற ஏறக் கரண்டு இறங்கும் மேடம். நான் வேலைக்கு வந்தப்ப எனக்கும் அது தெரியாது, நல்லாக் காஞ்சா நல்லா வரும்னுதான் நெனச்சிட்டிருந்தேன். இங்க நடக்கிறதே அந்த வேலைதான். ஸ்டிக்கர் என்ன வேணா சொல்லட்டும், வெயில்ல, மழையில, தூசியில நிஜமா எத்தனை யூனிட் தருதுன்னு பாக்கறது.

உங்களுக்குத் தெரியாததா. நான் ஒருத்தன்.

நீங்க ரோட்டுக்கு அந்தாண்ட இருக்கிற பெரிய பிளாண்ட் விஷயமாத்தானே வந்திருக்கீங்க? தெரியும். ஹெட் ஆபீஸ்லேருந்து ஒரு மேடம் வந்திருக்காங்க, நடுவுல நாலு வரிசையைக் கழுவச் சொல்லிப் பாத்தாங்கன்னு போன வாரமே பேச்சு. கழுவினதும் நூத்துக்குப் பத்தொம்பது ஏறிடுச்சாமே. டீக்கடை வரைக்கும் வந்துடுச்சு அந்த நம்பர்.

உக்காருங்க. அந்த ஸ்டூல் ஆடும், இதுல உக்காருங்க. எனக்கு நின்னே பழக்கம்.

ஆமா. கழுவலாமா வேணாமாங்கற சோதனை இங்கதான் நடந்துச்சு. இதோ இந்த ரெண்டு வரிசைதான். ஒண்ணுல ஆறு, ஒண்ணுல ஆறு. ஒரே கம்பெனி, ஒரே லாரியில வந்து இறங்கினது, ஒரே சாய்மானம், ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி மீட்டர். இடது பக்கத்தை வாரத்துக்கு ரெண்டு நாள் தொடைக்கணும். வலது பக்கத்தைத் தொடவே கூடாது. மழை பெஞ்சாத்தான் அதுக்குக் குளியல். ஒரு வருஷம் இப்படி விட்டுப் பாத்தா, அழுக்கால எவ்வளவு போகுதுன்னு தெரிஞ்சிடும்ல? நான் குளிச்ச வரிசை, குளிக்காத வரிசைன்னு பேரு வச்சேன். அப்புறம் கட்டச்சட்டை சாரே அப்படித்தான் கூப்பிட ஆரம்பிச்சார்.

கட்டச்சட்டைன்னா அந்த இன்ஜினியர் சார்தான். என்னிக்கு வந்தாலும் கட்டம் போட்ட சட்டை. மாசத்துக்கு ஒரு தடவை, ஒண்ணாந்தேதி வருவார். அதுவும் பதினோரு மணிக்கு மேல. குடை பிடிச்சுக்கிட்டே ஒரு சுத்து சுத்துவார், போட்டோ எடுப்பார், போயிடுவார். மத்தபடி மீட்டர் நம்பர் எல்லாம் ஒயர்ல அங்க போயிடும். ஆபீஸ்ல உக்காந்துக்கிட்டே பாத்துக்கலாம். இந்தச் சோதனையைப் பத்தி ரிப்போர்ட்டு எழுதினதுக்கு அவருக்குப் புரமோஷன் ஆச்சு. வெளிநாட்டுக்கெல்லாம் போயி மேடையில படம் போட்டுக் காமிச்சாராம். இந்த இடம், இந்தக் கம்பி வேலி, எல்லாம் திரையில வந்துச்சாம். நான் ஒரு ஓரத்துல பக்கெட்டோட நிக்கிறேனாம், சிரிச்சிக்கிட்டே சொன்னார்.

முதல் மூணு மாசமா? அது ரிப்போர்ட்ல இல்லையா? அதை நீங்க அவரைத்தான் கேக்கணும். எனக்குத் தெரிஞ்சதைச் சொல்றேன். மழை முடிஞ்ச கையோட சோதனையை ஆரம்பிச்சாங்க. முதல் மாசம் ரெண்டு வரிசையும் கிட்டத்தட்ட ஒண்ணா வந்துச்சு. ரெண்டாவது மாசம் குளிக்காதது கொஞ்சம் இறங்குச்சு. மூணாவது மாசம் நல்லா இறங்கிப் போச்சு. அதோ அங்க ஜல்லி உடைக்கிறாங்கல்ல, அந்தத் தூள் பூரா காத்தடிச்சா இங்கதான் வரும். சாருக்கு அது நம்பிக்கை இல்ல. இவ்வளவு இறங்காதே, ஒயர் எங்கயோ லூசா இருக்கும்னு வந்து, கனெக்டரைக் கழட்டி வேற போட்டுட்டுப் போனார். ரெண்டு நாள்ல நம்பர் ஏறிடுச்சு. உடனே எனக்குப் போன் பண்ணினார். பாத்தீங்களா, நான்தான் சொன்னேன்ல, ஒயர்தான்னு. அம்புட்டு சந்தோஷம். பழைய மூணு மாசத்தைத் தூக்கிப் போட்டுட்டார். மிச்சத்தை வச்சுக் கணக்குப் பாத்தா நூத்துக்கு ரெண்டு. கழுவினாலும் கழுவாட்டியும் ரெண்டே ரெண்டுதான் வித்தியாசம்.

அந்த ரெண்டை வச்சுத்தான் அங்க முப்பத்தெட்டுப் பேரை வீட்டுக்கு அனுப்பினாங்க.

தெரியும்ல உங்களுக்கு? அது ரிப்போர்ட்ல இருக்காது. பிளாண்ட்ல கழுவுற செட்டுன்னு ஒண்ணு இருந்துச்சு. முப்பத்தெட்டும் பொம்பளைங்க. நீளக் கம்புல துணி கட்டி, முதுகுல தண்ணி கேனை மாட்டிக்கிட்டு, ஒரு மூலையில ஆரம்பிச்சாங்கன்னா மறு மூலைக்குப் போய்ச் சேர பதினாறு நாள் ஆகும். போய்ச் சேந்ததும் மறுபடி முதல்லேருந்து. அந்தச் செட்டுக்கு மேஸ்திரி என் சம்சாரம்.

ஆமா மேடம். அதான் சொல்றேன்ல.

நான் முன்னாடி லேத்துப் பட்டறையில இருந்தேன். நல்ல வேலைக்காரன்னு பேரு. பட்டறையை மூடிட்டாங்க. வீட்டுல சும்மா உக்காந்திருந்தேன். அப்பத்தான் அவ பிளாண்ட்டுக்குக் கழுவப் போனா. அதுக்கு முன்னாடி அவ வீட்டை விட்டு வேலைக்குன்னு போனதே இல்ல. முதல் வாரம் கையெல்லாம் கொப்புளம். நான் விட்டுடுன்னு சொன்னேன். விட மாட்டேன்னா. கொஞ்ச நாள்ல பாத்தா, அவ கைக்கு அந்த வேலை அப்படி ஒட்டிக்கிச்சு. கண்ணாடி சூடா இருக்கையில தண்ணி ஊத்தக் கூடாது, விரிசல் விட்டுடும், அதனால வெயில் ஏறதுக்குள்ள முடிக்கணும். மேலேருந்து கீழ ஒரே இழுப்பா இழுக்கணும், வட்டம் போட்டா கோடு விழும். கீழ் ஃப்ரேம் ஓரத்துல ஒரு விரக்கடை சேறு தங்கும், எல்லாரும் விட்டுடுவாங்க, அங்கதான் கரண்டு போகுதுன்னு அவளே கண்டுபிடிச்சா. யாரும் சொல்லித் தரல. பிளாண்ட் ஆபீஸ் வாசல்ல ஒரு பலகை இருக்கும், அன்னன்னிக்கு எத்தனை யூனிட்டுன்னு ஓடும். வேலை முடிஞ்சு எல்லாரும் பஸ்ஸுக்கு ஓடுவாங்க, இவ அது முன்னாடி நிப்பா. வீட்டுக்கு வந்து சொல்லுவா, இன்னிக்கு நாங்க கழுவின பக்கம் ஏறிடுச்சுங்கன்னு.

நாலு வருஷத்துல மேஸ்திரி ஆக்கிட்டாங்க. மஞ்சத் தொப்பி போய் வெள்ளைத் தொப்பி வந்துச்சு.

இந்த வேலை எனக்கு எப்படிக் கெடச்சுதுன்னு நெனக்கிறீங்க? அவ சொல்லித்தான். எங்க வீட்டுக்காரர் சும்மா இருக்கார், ஒழுக்கமானவர், எதாவது பாத்துக் குடுங்கன்னு பெரிய மேனேஜர்கிட்ட அவ கேட்டு, அவர் இங்க சொல்லி, நான் வந்தேன். வாட்ச்மேன், கூட்டுறது, தொடைக்கிறது எல்லாம் ஒரே ஆளு. முதல் நாள் இந்தக் கேட்டுல நின்னு பேரைச் சொல்றேன், உள்ள இருந்தவர் என் பேரைக் காதுலயே வாங்கல. ஓ, மேஸ்திரியம்மா வீட்டுக்காரரா, வாங்க வாங்கன்னார். அன்னிலேருந்து எனக்குப் பேரு அதான். பஸ்ல அதான். கடையில அதான். கட்டச்சட்டை சாரும் அப்படித்தான், யார் கூடயாவது வந்தா, இவரு நம்ம மேஸ்திரியம்மா வீட்டுக்காரர்னு சொல்லித்தான் ஆரம்பிப்பார்.

இல்ல, அதுல என்ன தப்பு. தப்புன்னு நான் சொல்லலையே.

வீட்டுலயும் அப்படித்தான். நான் துணி பிழிஞ்சா, ஏங்க, இப்படியா பிழியறது, தண்ணி சொட்டினா கண்ணாடியில தெறி விழும்லன்னு வாங்கிப் பிழிஞ்சு காட்டுவா. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்ல மாட்டா. முப்பத்தெட்டுப் பேருக்குச் சொல்லிச் சொல்லி வாய் பழகிடுச்சு, நான் முப்பத்தொம்போதாவது ஆளு. ஒரு நாளு பிளாண்ட்ல ஒரு விழா வச்சாங்க. ஒரு வருஷம் முழுக்க ஒரு கண்ணாடிகூட உடையலைன்னு அவளை மேடையில ஏத்தி ஒரு ஷீல்டு குடுத்தாங்க. குடும்பத்தோட வரச் சொல்லியிருந்தாங்க, போனேன். அவ கைப்பையை நான்தான் வச்சிருந்தேன். அப்புறம் செட்டோட போட்டோ எடுத்தாங்க. அவ நடுவுல. நானும் போய்ப் பக்கத்துல நின்னேன், குடும்பம்தானேன்னு. போட்டோக்காரன் கையை ஆட்டறான். பை வச்சிருக்கிற அண்ணே, கொஞ்சம் வெளிய வாங்க, ஸ்டாஃப் மட்டும்னு. அத்தனை பேரும் சிரிச்சாங்க. அவளும் சிரிச்சா. கையால வாயைப் பொத்திக்கிட்டுத்தான் சிரிச்சா, ஆனா சிரிச்சா.

அதை விடுங்க. எங்க விட்டேன்?

ஆங், சோதனை. பிளாண்ட்ல புதுசா ஒரு பெரிய ஆபீசர் வந்தார், செலவைக் குறைக்கணும்னு. இத்தனை பேரு கழுவறாங்களே, நிஜமாவே இதுனால பிரயோஜனம் உண்டான்னு கேட்டார். அதுக்குத்தான் இந்தச் சோதனை. என் சம்சாரத்துக்கு இது தெரிஞ்சதும் அவளுக்கு ஒரே கொண்டாட்டம். பயமே இல்ல மேடம் அவளுக்கு. நல்லா அளந்து பாக்கட்டும், அப்பத்தான் எங்க அருமை தெரியும், இன்னும் பத்துப் பேரைப் போடுவாங்க, பைப் வண்டி வாங்கித் தருவாங்கன்னு செட்டுல எல்லார்கிட்டயும் சொல்லி வச்சிருந்தா. ஒரு ஞாயித்துக்கெழமை இங்கயே வந்துட்டா, பாக்கணும்னு. குளிக்காத வரிசை முன்னாடி நின்னா. அவளால சும்மா நிக்க முடியல. கை அப்படியே முந்தானையைப் பிடிச்சுக்கிட்டு முன்னாடி போகுது. தொடாதடீன்னு ஒரு அதட்டு அதட்டினேன். பின்னாடி வந்து, ஐயோ பாவம், இதுங்களைப் பாக்கவே மூச்சு முட்டுதுங்கன்னா.

தினமும் சாயங்காலம் ஒரே கேள்வி. இன்னிக்கு எவ்வளவு இறங்கிச்சு? எனக்கென்ன தெரியும், எல்லாம் ஒயர்ல போயிடுதுன்னு சொல்லிடுவேன்.

தெரியும். அந்த மீட்டர்ல சின்னதா ஓடும். குனிஞ்சு பாத்தாத் தெரியும்.

ரிப்போர்ட்டு வந்த அன்னிக்கு அவங்களை எல்லாம் ஷெட்டுக்குக் கூப்பிட்டுப் படிச்சே காட்டினாங்களாம். நூத்துக்கு ரெண்டு. இந்த மாசக் கடைசியோட சரி, தொப்பியையும் ஷூவையும் ஒப்படைச்சிடுங்கன்னு. செட்டுல ஒருத்தி, நெட்டச்சின்னு கூப்பிடுவாங்க, அவ எந்திரிச்சு என் சம்சாரத்தைப் பாத்துக் கேட்டாளாம், நீதானே சொன்ன, இன்னும் பத்துப் பேரைப் போடுவாங்கன்னு. அன்னிலேருந்து செட்டுல யாருமே இவகூடப் பேசறதில்ல. இவ ஏதோ எழுதிக் குடுத்து அவங்க வேலை போன மாதிரி.

வீட்டுக்கு வந்தா. தொப்பியை முன்னாடியே குடுத்துட்டு வந்துட்டா, தலையில அந்தப் பட்டை அழுத்தின கோடு மட்டும் இருந்துச்சு. நான் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கிட்டிருந்தேன். எதிர்ல உக்காந்தா. ஏங்க, நீங்க கூடவே இருந்து பாத்தீங்களே, நிஜமாவே ரெண்டுதானான்னு கேட்டா.

நம்பர் என்ன பொய்யா சொல்லும்னேன்.

அவ சண்டை போடல மேடம். அழுதாலாவது பரவாயில்ல. தலையை ஆட்டினா. ஆமால்ல, மிஷினுக்கு என்ன, அது உள்ளதைத்தானே சொல்லும்னா. அப்புறம் ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு வச்சுப் பாத்துக்கிட்டே சொன்னா, அப்ப ஒம்போது வருஷமா ஒண்ணுமில்லாததைத்தான் தேய்ச்சிருக்கேன், அந்தப் பலகையில ஏறினதெல்லாம் அதுவா ஏறினதுதான் போலன்னு.

நான் மோர் ஊத்திச் சாப்பிட்டு எந்திரிச்சேன்.

இப்பவா? இப்ப வீட்டுல லேபிள் ஒட்டறா. பினாயில் பாட்டில், சோப்பு ஆயில் பாட்டில், பொட்டி பொட்டியாக் கொண்டாந்து இறக்குவாங்க, ஒட்டி அடுக்கி வைக்கணும். வெளிய போறதில்ல. யாரு வந்தாலும் எந்திரிக்கறதில்ல. எங்க வீட்டு ஜன்னல் கண்ணாடியை நீங்க பாக்கணும். முன்னாடி அது இருக்கிறதே தெரியாது, ஒரு தடவை குருவி வந்து முட்டி விழுந்துச்சு. இப்ப அதுல விரல்ல பேரு எழுதலாம். நான் ஒரு நாள் தொடைக்கலாம்னு துணியை எடுத்தேன். எதுக்குங்க, தொடச்சு என்ன ஆகப் போகுதுன்னா. கோபமில்ல. ரொம்பச் சாதாரணமாத்தான் சொன்னா.

அது என்ன மேடம், பேப்பர்? படமா? இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

சரி, இது குளிக்காத வரிசை. தெரியுது. இந்தக் கோடு மேல போகுது, கீழ வருது. பல்லு பல்லா இருக்கு, ரம்பம் மாதிரி. இதுக்கு நான் என்ன சொல்றது. பனியா இருக்கும். விடிகாலையில பனி இறங்கி, கண்ணாடியில ஓடிச்சுன்னா தூசியைக் கொஞ்சம் இழுத்துக்கிட்டுப் போகும். காத்தும் இருக்கு.

ஆமா, மழையே இல்லாத நாளுதான். ஆமா. நாலு நாளைக்கு ஒரு தடவைதான் ஏறுது. ஒண்ணாந்தேதிக்கு முன்னாடி பத்து நாளு மட்டும் ஏறவே இல்ல, சும்மா இறங்கிக்கிட்டே வருது. ஒவ்வொரு மாசமும். கட்டச்சட்டை சாரு இதைப் பாக்கவே இல்லையா? மாசக் கூட்டுத்தொகையை மட்டும் பாத்திருப்பார். நீங்க நாள் வாரியா பிரிச்சுப் பாத்திருக்கீங்க. என் சம்சாரமா இருந்தாலும் அப்படித்தான் பாத்திருப்பா.

அவர் மேல எழுதாதீங்க மேடம். சோம்பேறிதான், பெருமை பீத்திக்கிறவர்தான், ஆனா அவர் இதைப் பண்ணல. நாலு நாளைக்கு ஒரு தடவை விடிகாலை அஞ்சரைக்கு வர்றதுக்கு அவருக்கு என்ன தலையெழுத்தா.

நான்தான் தொடச்சேன்.

பனி இருக்கும்ல அந்நேரத்துக்கு, அதனால தண்ணிகூட வேணாம். கண்ணாடியை மட்டும். ஃப்ரேமு, காலு, ஒயரு எல்லாத்தையும் அழுக்காவே விட்டுடுவேன், அப்பத்தான் பாக்க அழுக்கா இருக்கும். சார் வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடி நிறுத்திடுவேன், மேலாக்கத் தூசி படிஞ்சிடும். அவர் வந்து பாத்து, இவ்வளவு அழுக்கு இருந்தும் ரெண்டுதான் பாருங்கன்னு ஆச்சரியப்படுவார். ஆமா சார்னு சொல்லுவேன்.

முதல் தடவையா? முதல் தடவை வேணும்னு பண்ணல. நம்பினா நம்புங்க. அவர் ஒயரை மாத்திட்டுப் போன மறுநாள் காலையில. குளிச்ச வரிசை முந்தின நாள் பத்து யூனிட் தந்திருந்துச்சு, இது எட்டு. ஒயரை மாத்தியும் எட்டுதான். அவ சொல்லிக்கிட்டே இருந்தாளே, கீழ் ஓரத்துலதான் போகுதுன்னு, அது நிஜமான்னு பாக்கணும்னு தோணிச்சு. அவளோட செட்டுத் துணி ஒண்ணு, பழசு, என் சாப்பாட்டுப் பையில சுத்திக் குடுப்பா. அதை எடுத்து, அவ சொன்ன மாதிரியே மேலேருந்து கீழ ஒரே இழுப்பு. ஆறு பேனல். அன்னிக்குச் சாயங்காலம் குனிஞ்சு மீட்டரைப் பாத்தேன். பத்து. குளிச்ச வரிசைக்கு ஒரு சொட்டுக் குறையல.

அவ சொன்னது அத்தனையும் சரி மேடம். அவ கைக்கு அவ்வளவு இருந்துச்சு. இங்க குனிஞ்சுக்கிட்டு நான் கணக்குப் போட்டேன். ஆறு பேனலுக்கு ரெண்டு யூனிட்டுன்னா அங்க இருக்கிற அத்தனை ஆயிரத்துக்கு எவ்வளவு. இது அப்படியே போய் மேல தெரிஞ்சா, இன்னும் பத்துப் பேரு, பைப் வண்டி, ஆபீஸ்ல ஒரு நாற்காலி போட்டு அவளை உக்கார வச்சிடுவாங்க. அப்புறம் நான் யாரு. அப்பத்தான் சாரோட போன் வந்துச்சு, பாத்தீங்களா, ஒயர்தான்னு. நானும் ஆமா சார், ஒயர்தான்னேன். நாலு நாள் கழிச்சு மறுபடி தூசி படிஞ்சுது. மறுபடி துணியை எடுத்தேன்.

வேலை போகும்னு நெனக்கல. சத்தியமா. ஒரு அஞ்சு பேரைக் குறைப்பாங்க, வெள்ளைத் தொப்பியைப் பிடுங்கி மஞ்சத் தொப்பியைக் குடுப்பாங்கன்னு நெனச்சேன். கொஞ்சம் இறங்கி வருவாள்லன்னு.

இல்ல, அவளுக்குத் தெரியாது. இன்னிக்குக் காலையில, ஒரு மேடம் வந்து அந்தச் சோதனையைப் பத்திக் கேக்கப் போறாங்கன்னு சொன்னேன். அதான் ரெண்டுன்னு முடிஞ்சு போச்சே, இன்னும் என்னத்தைக் கேக்கறாங்கன்னா. ஒட்டிக்கிட்டிருந்த பாட்டில்லேருந்து தலையைத் தூக்கல. டீக்கடைப் பேச்செல்லாம் அவ காதுக்கு வராது, யாரும் அவகூடப் பேசறதில்லல்ல.

எழுதிக்கோங்க. கையெழுத்து எங்க போடணும்னு காட்டுங்க, போடறேன். நாளைக்கு நான் வரணுமா வேணாமான்னு மட்டும் யாராவது போன்ல சொல்லிட்டாப் போதும், வீண் பஸ் செலவு.

அவகிட்டயும் கேக்கணும்னு சொன்னீங்கள்ல, செட்டை நடத்தினவங்கன்னு? போங்க, இந்நேரம் வீட்டுலதான் இருப்பா. ரோட்டைத் தாண்டி நேராப் போனா மூணாவது சந்து, மாடி வீடு. படியில அட்டைப் பொட்டி அடுக்கியிருக்கும், பாத்து ஏறுங்க. நான் வரல. ஒண்ணே ஒண்ணுதான் மேடம். அந்தப் பத்தொம்பதை முதல்ல சொல்லிடுங்க. உடனே நம்ப மாட்டா. எவ்வளவு, எவ்வளவுன்னு ரெண்டு மூணு தடவை திருப்பிக் கேப்பா, பொறுமையாச் சொல்லுங்க. அப்புறம் ரெண்டு உள்ளங்கையையும் விரிச்சு வச்சுப் பாப்பா, பாக்க விடுங்க. அதுக்கப்புறம் நான் செஞ்சதைச் சொல்லுங்க. ரெண்டையும் சேத்துச் சொன்னீங்கன்னா அந்தப் பத்தொம்பது அவ காதுல விழவே விழாது.